செங்கல் தாண்டாத மாப்பிள்ளை

சுள்ளிக்குளத்தில் புத்திசாலிகளுக்குக் குறைவே கிடையாது. அந்தக் கூட்டத்தில் சேராதவர்கள் நாலே நாலு பேர்தான். அந்த நாலு பேரையும் டேசன் ஐயா தன் தோட்டத்திலேயே வேலைக்கு வைத்துக்கொண்டார். அதனால் ஊரின் மற்ற வேலைகள் ஒரு குழப்பமும் இல்லாமல் நடந்துவந்தன.

டேசன் ஐயா என்றால் சபாபதி. முப்பத்தாறு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் ஸ்டேஷனில் ஒரு ஆள்கூடத் தண்டவாளத்தைத் தாண்டியது கிடையாது என்று நாளுக்கு ஒரு தரமாவது யாரிடமாவது சொல்லிவிடுவார். கேட்க ஆள் இல்லாத நாளில் கிணற்றடியில் நின்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

நாலு பேரில் மூத்தவர் பலவேசம். ஒருமுறை மதுரை வரை போய், வழி தவறாமல் திரும்பி வந்தவர். அதனால் எந்தச் சிக்கலுக்கும் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. அடுத்தவன் மூக்காண்டி. நில் என்றால் நிற்பான், போ என்று சொல்லும்வரை நிற்பான். மூன்றாவது இசக்கி. எதையும் ஆழமாக யோசிப்பான், யோசித்து முடிப்பதுதான் கிடையாது. நாலாவது அய்யாக்குட்டி. இந்தக் கதை அவனுடையது, ஏனென்றால் புதன்கிழமை காலை அவனுக்குக் கல்யாணம்.

பெண் வடிவு. தோட்டத்துக்கு எதிர்வரிசையில் மூன்றாவது வீடு, கொம்பையாவின் மகள். அவள் தெருவில் நடந்தால் அய்யாக்குட்டிக்குக் கையில் இருப்பது மண்வெட்டியா பூவாளியா என்பது மறந்துபோகும். அவளுக்கும் அவன்மேல் பிரியம்தான். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போது ஒவ்வொன்றிடமும் போதுமா என்று கேட்டுவிட்டுத்தான் அவன் அடுத்ததற்குப் போவான். அதைச் சுவருக்கு மேலாகப் பார்த்துப் பார்த்து வந்த பிரியம் அது. கொம்பையாதான் லேசில் மசியவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். டேசன் ஐயா தோட்டத்தில் வேலை இருக்கும்வரைதான் நீ என் மருமகன், வேலை போனால் பெண்ணும் கிடையாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

இந்த நிலையில்தான் ஐயாவுக்குச் செங்கல் ஆசை பிடித்தது. எங்கேயோ ஒரு பூங்காவில் பூப்பாத்தியைச் சுற்றிச் செங்கலைச் சாய்வாக நட்டு, ஓரம் கட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். அவருடைய தோட்டத்தின் நடுவிலும் பெரிய வட்டப் பாத்தி ஒன்று உண்டு. காசித்தும்பையும் செண்டுப்பூவும் கோழிக்கொண்டையும் அதில் பூத்துக் குலுங்கும். அதைக் கொம்பையா வீட்டு வெள்ளாடு வந்து மேயும், ஆட்டை விரட்டுகிறவர்கள் வந்து மிதிப்பார்கள். செங்கல் ஓரம் வந்தால் இதெல்லாம் தீர்ந்தது என்று ஐயா நம்பினார்.

திங்கள்கிழமை காலை, தென்காசியில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பும் முன், நாலு பேரையும் வரிசையாக நிற்கவைத்து வேலையைச் சொன்னார். செங்கலை நனைத்து ஈரத்தோடு பதிக்க வேண்டும். வட்டம் கோணாமல் இருக்க நட்டநடுவிலிருந்து நூல் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு செங்கலும் அதற்கு முந்தின செங்கலின்மேல் சாய்ந்து நிற்க வேண்டும். ஆடு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். பிறகு அய்யாக்குட்டியைத் தனியாக ஒரு பார்வை பார்த்தார்.

"வேலையை முடிச்சுட்டுத்தான் கல்யாணத்துக்குப் போகணும். முடிஞ்ச நிமிஷத்திலேருந்து அந்தச் செங்கலை ஒருத்தரும் தாண்டக் கூடாது. ஆடானாலும் சரி, ஆளானாலும் சரி. தாண்டினவனுக்கு இந்தத் தோட்டத்துல வேலை கிடையாது."

புதன்கிழமை முகூர்த்தத்துக்கு நேரே வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

நாலு பேரும் உடனே வேலையில் இறங்கினார்கள். முதல் செங்கலைத் தொட்டியில் முக்கி எடுத்துப் பாத்திக்குக் கொண்டுவந்து தொட்டுப் பார்த்தபோது அது காய்ந்திருந்தது. செங்கல் தண்ணீரைக் குடிக்கும், அது அதன் சுபாவம். ஈரம் இல்லையே என்று திரும்பவும் தொட்டிக்குக் கொண்டுபோய் முக்கினார்கள். அந்த ஒரு செங்கல் மத்தியானத்துக்குள் பதினேழு தடவை தொட்டிக்கும் பாத்திக்கும் நடந்தது. தண்ணீர் தூரத்தில் இருப்பதுதான் கோளாறு என்று பலவேசம் கண்டுபிடித்தார். அய்யாக்குட்டி ஓடிப்போய், கல்யாண வீட்டில் ரசம் வைக்கக் கொண்டுவந்திருந்த அண்டாவை இரவல் வாங்கி வந்தான். அண்டா நிறையத் தண்ணீரோடு பாத்திக்குப் பக்கத்திலேயே வைத்து, செங்கலை உள்ளே முக்கிச் சொட்டச் சொட்ட எடுத்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் அன்றைய பொழுது போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை மூக்காண்டியை நட்டநடுவில் நிறுத்தி நூலின் ஒரு முனையைக் கையில் கொடுத்தார்கள். முளை அடிக்கலாமே என்று போகிறபோக்கில் யாரோ சொன்னார்கள். முளைக்கு ஆடு வந்தால் தெரியுமா என்று பலவேசம் கேட்டார். ஆட்டைப் பார்த்துக்கொண்டே வேலை செய்ய வேண்டுமென்றால் முகம் வாசலைப் பார்த்து இருக்க வேண்டும். வெளியே உட்கார்ந்தால் வாசலுக்கு முதுகு வரும். ஆகவே மற்ற மூவரும் பாத்திக்கு உள்ளே, செடிகளுக்கு ஊடே, வெளியைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். அண்டாவையும் உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

முதல் செங்கலைக் கையில் எடுத்ததும் இசக்கிக்கு யோசனை வந்துவிட்டது.

"அண்ணாச்சி, ஒவ்வொண்ணும் முந்தின செங்கல் மேல சாயணும்னு ஐயா சொன்னாவ. இதுக்கு முந்தினது எங்க?"

பலவேசம் செங்கலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வட்டம்லா? சுத்தி வந்தா கடைசிச் செங்கல்தான் இதுக்கு முந்தினது."

"அப்பம் கடைசிச் செங்கலை முதல்ல வச்சிருவோம்," என்றான் அய்யாக்குட்டி.

"அது எதுமேல சாயும்?"

"அதுக்கு முந்தினது மேல."

"அதை எப்பம் வைக்க?"

இப்படியே பின்னால் பின்னால் போய், வட்டம் முழுக்கச் சுற்றி, மறுபடி முதல் செங்கலுக்கே வந்து சேர்ந்தார்கள். அதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கடைசியில் பலவேசம் தீர்ப்புச் சொன்னார். கடைசிச் செங்கல் வந்து சேரும்வரை அதற்குப் பதிலாக இசக்கி இருக்க வேண்டியது. இசக்கி காலை நீட்டி உட்கார்ந்தான். முதல் செங்கலை அவன் முழங்காலில் சாய்த்து வைத்தார்கள். அவனும் அசையவில்லை, மூக்காண்டியும் அசையவில்லை. ஆக மிச்சம் இரண்டு பேர்தான் வேலை செய்தார்கள். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், வரிசை அழகாக வந்தது. ஈறு தெரியச் சிரிக்கிற பல்வரிசைபோல ஒரே சாய்வில் சிவப்பாக வளைந்து வந்தது.

புதன்கிழமை விடிந்தும் பத்து முழம் பாக்கி இருந்தது. வேலையை முடிக்காமல் கல்யாணத்துக்குப் போகக் கூடாது என்பதால், அய்யாக்குட்டி பட்டு வேட்டி கட்டி, நெற்றியில் சந்தனம் வைத்து, மாப்பிள்ளைக் கோலத்திலேயே பாத்திக்குள் உட்கார்ந்து செங்கல் நட்டான். எதிர்வரிசையில் பந்தலும் வாழைமரமும் தெரிந்தன. மேளச் சத்தம் கேட்கக் கேட்க அவனுக்குக் கை இன்னும் வேகமாக ஓடியது. ஏழு மணிக்குக் கடைசிச் செங்கலை வைத்தார்கள், இசக்கி காலை உருவிக்கொண்டான், முதல் செங்கல் போய்க் கடைசிச் செங்கலில் பாந்தமாகச் சாய்ந்தது. வட்டம் முடிந்தது.

அய்யாக்குட்டி வேட்டியை மடித்துக்கொண்டு காலைத் தூக்கினான். பலவேசம் பாய்ந்து அவன் இடுப்பைப் பிடித்தார்.

"எங்கல போற?"

"கல்யாணத்துக்கு அண்ணாச்சி."

"எதைத் தாண்டிப் போற?"

அய்யாக்குட்டி கீழே பார்த்தான். நாலு பக்கமும் செங்கல் இருந்தது. தாண்டினால் வேலை போகும். வேலை போனால் வடிவு போவாள். தாண்டாவிட்டால் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம் போகும், அப்போதும் வடிவு போவாள். எந்தக் கணக்கில் பார்த்தாலும் வடிவுதான் போகிறாள் என்று கண்டதும் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

இசக்கி ஒரு செங்கலை மட்டும் எடுத்துவிட்டு அந்த வழியே போகலாமே என்றான். நல்ல யோசனைதான். ஆனால் ஒரு செங்கலை எடுத்தால் வேலை முடியவில்லை என்று ஆகிவிடும், வேலை முடியாமல் கல்யாணத்துக்குப் போகக் கூடாதே என்று பலவேசம் நினைவுபடுத்தினார். வெளியிலிருந்து யாரையாவது கூப்பிட்டுத் தூக்கிவிடச் சொல்லலாம் என்றான் மூக்காண்டி. தூக்கிவிட்டாலும் தாண்டினது தாண்டினதுதான், ரயிலில் தூங்கிக்கொண்டே போனவனுக்கும் டிக்கெட் உண்டு என்று ஐயாவே சொல்லியிருக்கிறார். இதற்குள் எட்டு மணி ஆகிவிட்டது.

மாப்பிள்ளையைக் காணோமே என்று கொம்பையா தேடி வந்தார். பாத்தி ஓரத்தில் நின்று சங்கதியை முழுக்கக் கேட்டார்.

"தாண்டிராதிய மாப்ளே," என்றார் கவலையோடு. "வேலை முக்கியம்." பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா பத்தரைக்குள்ள வந்துரணும்," என்று சொல்லிவிட்டுப் போனார். ரச அண்டாவைப் பற்றிக் கேட்க வந்ததை மறந்துவிட்டார்.

அவர் முதுகையும் அதற்கப்பால் பந்தலையும் பார்த்துக்கொண்டிருந்த அய்யாக்குட்டிக்கு, பிறந்ததிலிருந்து முதல்முறையாகச் சொந்தமாக ஒரு யோசனை தோன்றியது. ஆசை அந்த அளவுக்கு இருந்தது.

"அண்ணாச்சி, நாமதான செங்கலைத் தாண்டக் கூடாது? செங்கல் நம்மகூட வரலாம்லா?"

பலவேசம் ஐயா சொன்னதையெல்லாம் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "செங்கல் வரக் கூடாதுன்னு ஐயா சொல்லலை," என்றார்.

வழி பிறந்துவிட்டது. முன்பக்கம், வரிசைக்கு வெளியே ஒரு முழம் தள்ளி, மிச்சம் கிடந்த செங்கலை வைத்துப் புதிதாக ஒரு வளைவு கட்ட வேண்டியது. அதன் இரண்டு முனையும் பழைய வரிசையைத் தொட்டதும் நடுவில் அகப்பட்ட செங்கலை எடுத்துவிட வேண்டியது. பின்பக்கம் அதேமாதிரி உள்ளே ஒரு வளைவு கட்டி, வெளியே நிற்கிறதை எடுத்துக்கொள்ள வேண்டியது. வரிசை ஒரு நொடிகூட அறுபடாது, வேலை முடிந்தது முடிந்தபடியே இருக்கும், வட்டம் மட்டும் ஒரு முழம் நகர்ந்திருக்கும். கையை வெளியே நீட்டலாமா என்று இசக்கிக்குச் சந்தேகம் வந்தது. கை வேலை செய்கிறது, தாண்டுகிறது கால்தான், ஆகவே கை போகலாம் என்று பலவேசம் சொல்லிவிட்டார்.

முதல் முழம் நகர்ந்ததுமே இன்னொரு சிக்கல் வந்தது. வட்டம் போகிறது, பூச்செடி பின்னால் நிற்கிறது. செடி இல்லாத பாத்திக்குச் செங்கல் எதற்கு என்று ஐயா கேட்டால் என்ன சொல்வது? அண்டாவைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினார்கள். அய்யாக்குட்டி ஒவ்வொரு செடியிடமும் மன்னிப்புக் கேட்டு, வேர் அறாமல் மண்ணோடு பெயர்த்து அண்டாவுக்குள் நட்டான். இப்போது பாத்தி அண்டாவில் இருந்தது, அண்டா செங்கலுக்குள் இருந்தது, நாலு பேரும் அதை இழுத்துக்கொண்டு முழம் முழமாகத் தோட்ட வாசலைக் கடந்து தெருவில் இறங்கினார்கள்.

தெரு நடுவில் கொம்பையாவின் வெள்ளாடு எதிரே வந்தது. நின்று பார்த்தது. செங்கலை ஒரே தாவாகத் தாவி உள்ளே வந்து, ஒரு செண்டுப்பூவைக் கடித்துக்கொண்டு அந்தப் பக்கமாக வெளியே போய்விட்டது.

"தாண்டிருச்சே," என்றான் மூக்காண்டி பயந்துபோய்.

"தாண்டினவனுக்கு வேலை இல்லை," என்றார் பலவேசம்.

"ஆட்டுக்கு ஏது அண்ணாச்சி வேலை?"

"அதான் இல்லையே. பாத்தியா, ஐயா சொன்ன வாக்கு எப்படிப் பலிக்குன்னு."

நாலு பேருக்கும் உடம்பு சிலிர்த்தது. அதற்குப் பிறகு காலை இன்னும் கவனமாக வைத்தார்கள்.

மணி பத்தடிக்கும்போது வட்டம் பந்தல் கால்களுக்கு வந்து சேர்ந்தது. மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். மணவறை இன்னும் ஆறு முழம் தள்ளி இருந்தது. அய்யாக்குட்டியின் வேட்டி முழங்கால்வரை செம்மண்ணாக இருந்தது, கை ஓய்ந்துவிட்டது. ஒரு முழத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அவனுக்கு இப்போது நன்றாகத் தெரியும், ஆறு முழத்துக்கு நேரம் போதாது. அவன் வடிவைப் பார்த்தான். அவளும் மாலையோடு அவனைப் பார்த்தாள்.

"அவியதான் வேர்க்க வேர்க்க இவ்வளவு தூரம் வந்துட்டாவளே," என்றாள் வடிவு தன் அப்பாவிடம். "மிச்சத்துக்கு நம்ம ஆளுகளும் கை கொடுத்தா என்னவாம்? மணவறையையும் சேத்து வளைச்சிருங்க."

பந்தலில் இருந்த அத்தனை பேரும் எழுந்தார்கள். பின்பக்கம் உள்ளே ஒரு வளைவு கட்டி, மிஞ்சின செங்கலைக் கையோடு கையாகக் கடத்தி, மணவறையைச் சுற்றி, முன்வரிசை விருந்தாளிகளையும் மேளக்காரர்களையும் சேர்த்து ஒரே வளைப்பாக வளைத்துவிட்டார்கள். பத்து இருபதுக்கு அய்யாக்குட்டி தாலி கட்டினான். அவன் கைச் செம்மண் வடிவின் கழுத்தில் ஒட்டியது, அவள் துடைத்துக்கொள்ளவில்லை. அவனுக்கு இருந்த சந்தோஷத்தில் பலவேசத்தின் காலில் மூன்று தடவை விழுந்து எழுந்தான்.

பந்தி நடக்கும்போது டேசன் ஐயா வந்தார். பஸ் தாமதம். முதலில் தோட்டத்தை எட்டிப் பார்த்திருக்கிறார். நடுவில் வட்டமாக ஒரு பள்ளம் மட்டும் இருந்தது. அங்கிருந்து தெருவைக் கடந்து சிவப்பாகப் போன செங்கல் பொடியின் தடத்தைப் பிடித்துக்கொண்டு பந்தலுக்கு வந்து சேர்ந்தார். முகம் அந்தச் செங்கலைவிடச் சிவந்திருந்தது. நாலு பேரையும் நாலு அறை விடுகிற வேகத்தில் வந்து, காலைத் தூக்கினார்.

"ஐயா, தாண்டிராதிய," என்றான் அய்யாக்குட்டி கையைக் கூப்பி. "வேலை முடிஞ்சிருச்சு."

தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. முப்பத்தாறு வருஷம் ஒருத்தரையும் தாண்ட விடாத மனுஷன் அவர். குனிந்து செங்கலைப் பார்த்தார். சாய்வு சரியாக இருந்தது, வரிசையில் ஒரு விரல் இடைவெளிகூட இல்லை. நடுவே அண்டாவில் காசித்தும்பை வாடாமல் சிரித்துக்கொண்டிருந்தது. குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. காலை மெதுவாக வெளிப்பக்கமே இறக்கினார். அவருக்கு இலையும் சோறும் கைமேல் கையாக வெளியே போயின. ரசம் மட்டும் இல்லை. அட்சதையை வெளியில் நின்றே தூவினார்.

சாப்பிட்ட பிறகு அவருக்குக் கோபம் கொஞ்சம் அடங்கியது. உள்ளே இருந்த ஜனங்கள் வீட்டுக்குப் போக வேண்டுமே. செங்கல் இருக்க வேண்டிய இடம் தோட்டம், ஆகவே வேலை இன்னும் முடியவில்லை என்று அவரே அறிவித்தார். எல்லோரும் நிம்மதியாகத் தாண்டி வெளியே வந்தார்கள். அப்படியானால் கல்யாணத்துக்கு வந்தது தப்பாகிவிடாதா என்று இசக்கி கேட்டான். கல்யாணம்தான் முடிந்துவிட்டதே என்றார் பலவேசம்.

மறுநாள் காலை செங்கலும் செடியும் தோட்டத்துக்குத் திரும்பின, அண்டாவைக் கழுவிக் கொம்பையா வீட்டில் கொடுத்தார்கள். இந்தத் தடவை ஐயா எதையும் இவர்கள் யோசனைக்கு விடவில்லை. நாலு பேரும் வெளியே நின்றுதான் பதிக்க வேண்டும் என்றார், ஆட்டைப் பார்க்க வடிவைச் சுவரோரம் உட்காரச் சொன்னார். நூலை மூக்காண்டி கையிலிருந்து பிடுங்கித் தானே நட்டநடுவில் போய் நின்றுகொண்டார். அங்கிருந்தபடியே ஒவ்வொரு செங்கலையும் அதட்டி அதட்டிப் பதிக்கவைத்தார். சுவருக்கு மேலாகத் தெருவே எட்டிப் பார்த்தது. பார்க்க ஆள் சேரச் சேர ஐயாவின் குரலும் ஓங்கியது. கடைசிச் செங்கல் விழுந்ததும் நூலைச் சுருட்டிக்கொண்டு, சுவரில் இருந்த தலைகளையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"முடிஞ்சிருச்சு. பாத்துக்கோங்க, இதுதான் வேலை. இனிமே இதுல ஒருத்தரும் ஒரு குறை சொல்ல முடியாது."

சொல்லிவிட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். செங்கல் வரிசைக்கு ஒரு சாண் முன்னால் நின்றார். சுவரில் இருந்த அத்தனை பேரும் அவருடைய காலையே பார்த்தார்கள். ஐயா ஒரு காலைத் தூக்கினார், வெகுநேரம் தூக்கியபடியே நின்றார், பிறகு இருந்த இடத்திலேயே இறக்கினார்.

அய்யாக்குட்டிக்கு மனசு கேட்கவில்லை. அந்தக் கஷ்டம் என்ன என்று அவனுக்குத்தான் தெரியும். பக்கத்தில் வந்து குனிந்து, யாருக்கும் கேட்காதபடி ஆறுதலாகச் சொன்னான்:

"கவலைப்படாதிய ஐயா. உங்க வீட்டு வாசப்படி நாப்பது முழம்தான் இருக்கும், சாயங்காலத்துக்குள்ள கொண்டுபோய்ச் சேத்துருதோம். வடிவை அனுப்பியிருக்கேன், அண்டாவை வாங்கியாரதுக்கு."